இசட்டி ஏன் ஏறவில்லை? வெப்பமின் பொருளின் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

வெப்ப வேறுபாட்டை மின்சாரமாக்கும் வெப்பமின் பொருளின் தூளைப் பெல்லட்டாக (வில்லையாக) அழுத்தி, மெருகேற்றி, அளந்து பார்த்தால் இசட்டி 0.6. இசட்டி என்பது அந்தப் பொருளின் திறனைச் சொல்லும் எண்; மின்சாரத்தை நன்றாகவும் வெப்பத்தை மோசமாகவும் கடத்தினால் அது ஏறும். அதே சேர்மத்துக்குக் கட்டுரைகளில் 1.4 என்று போட்டிருக்கிறது. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் டோப்பன்ட்டின் (மின் தன்மையை மாற்ற வெளியிலிருந்து சேர்க்கும் தனிமத்தின்) அளவைக் கூட்டுவார்கள், இல்லையென்றால் வேறு டோப்பன்ட்டுக்குத் தாவுவார்கள். இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நாம் எடை போட்டுச் சேர்க்கும் ஒரு சதவீத டோப்பன்ட்டைவிட, பொருள் தானாக உண்டாக்கிக்கொள்ளும் குறைபாடுகளுக்குப் பல நேரம் கை ஓங்கியிருக்கும். ஓர் அணு இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கலாம். ஓர் அணு வேறோர் அணுவின் இருக்கையில் போய் உட்கார்ந்திருக்கலாம். அணுக்களுக்கு நடுவே ஒன்று கூடுதலாகச் செருகிக்கொண்டிருக்கலாம். இவற்றில் எது நடந்திருக்கிறது என்று தெரியாமல் டோப்பன்ட் சேர்ப்பது வீண் வேலை.

தொடங்குவதற்கு முன் கையில் மூன்று எண்கள் வேண்டும்: அறை வெப்பநிலையில் சீபெக் கெழு (ஒரு கெல்வின் வெப்ப வேறுபாட்டுக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்பது), மின்கடத்துத்திறன், காந்தப்புலத்தில் செய்யும் ஹால் அளவீட்டில் வரும் மின்னூர்தி அடர்த்தி (மின்சாரத்தைச் சுமக்கும் துகள்களின் எண்ணிக்கை). மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹால் எண் இல்லையென்றால், கடத்துத்திறன் குறைந்ததற்கு மின்னூர்தி குறைந்தது காரணமா, இருக்கும் மின்னூர்தி நகர முடியாமல் தடுமாறுவது காரணமா என்று சொல்லவே முடியாது. இரண்டுக்கும் மருந்து நேரெதிர்.

அப்புறம், அளவீட்டின் திசை. பிஸ்மத் டெல்லுரைடு, தகரச் செலனைடு போன்ற அடுக்குப் பொருள்களை அழுத்தும்போது படிக மணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுக்கின்றன. மின்கடத்தலை அழுத்திய திசைக்குக் குறுக்காகவும், வெப்பக்கடத்தலை அழுத்திய திசையிலும் அளந்து இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போட்டால் வரும் இசட்டிக்குப் பொருளே இல்லை. வெப்பக்கடத்தலை அளக்கும் லேசர் ஃபிளாஷ் கருவிக்கு வட்ட வில்லை, மின் அளவீட்டுக்கு நீளத் துண்டு என்று தனித்தனியாக வெட்டுவதால் இந்தத் தவறு சுலபமாக நுழைகிறது. இதைச் சரிபார்த்துவிட்டு, உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள்.

சீபெக் கெழுவின் குறியே தலைகீழாக வருகிறது

என்-வகையில் மின்சாரத்தைச் சுமப்பது எலக்ட்ரான், சீபெக் எதிர்க்குறி; பி-வகையில் சுமப்பது துளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத குறை, சீபெக் நேர்க்குறி. என்-வகை வேண்டுமென்று செய்தீர்கள், நேர்க்குறி வருகிறது. அல்லது பி-வகைக்குச் செய்தது எதிர்க்குறி காட்டுகிறது. முதலில் ஆய்முனைகளின் கம்பிகள் மாறியிருக்கின்றனவா என்று குறி தெரிந்த ஓர் உலோகத் துண்டை வைத்துப் பாருங்கள். அது சரி என்றால், சொந்தக் குறைபாடு உங்கள் டோப்பன்ட்டைத் தோற்கடித்துவிட்டது.

பிஸ்மத் டெல்லுரைடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு பிஸ்மத்துக்கு மூன்று டெல்லூரியம் என்று துல்லியமாக எடை போட்டு உருக்கி உறையவைத்தாலும் கிடைப்பது பி-வகைதான். உறையும் படிகம் பிஸ்மத் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். மிஞ்சிய பிஸ்மத் டெல்லூரியத்தின் இருக்கையில் அமர்ந்துகொள்கிறது. அப்படி அமரும் ஒவ்வொரு அணுவும் ஒரு துளையைத் தருகிறது. இதே உருக்கில் டெல்லூரியத்தைச் சற்றுக் கூட்டினால் பொருள் என்-வகைக்குத் திரும்பும். வெளியிலிருந்து எந்தத் தனிமமும் சேர்க்காமலே குறி மாறுகிறது.

இதே குடும்பத்தில் அரைப்பதாலும் குறி மாறும். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நன்றாக இருந்த பி-வகை இங்காட்டை (உருக்கி உறையவைத்த கட்டியை) பால் மில்லில் (குண்டுகள் மோதி அரைக்கும் இயந்திரத்தில்) நுண்தூளாக்கி மறுபடி அழுத்தினால் துளைகளின் எண்ணிக்கை சரிகிறது. சில கலவைகளில் பொருள் என்-வகையாகவே மாறிவிடும். அரைக்கும்போது படிகம் வளைந்து நெளிந்து புதிய காலியிடங்கள் பிறக்கின்றன. அவை ஏற்கெனவே இருந்த இடம் மாறிய பிஸ்மத்தோடு வினைபுரிந்து கடைசியில் டெல்லூரியக் காலியிடங்களை மிச்சம் வைக்கின்றன. ஒரு டெல்லூரியக் காலியிடம் இரண்டு எலக்ட்ரான்களை விடும். இங்கே வெளி டோப்பன்ட்டைத் தேட வேண்டாம், ஆன்டிமனி விகிதத்தைக் கூட்டினால் போதும். ஆன்டிமனிக்கும் டெல்லூரியத்துக்கும் அளவிலும் மின்னெதிர்த்தன்மையிலும் வேறுபாடு குறைவு என்பதால் ஆன்டிமனி சுலபமாக இடம் மாறி உட்காரும், துளைகள் கூடும். இங்காட்டுக்குப் பிஸ்மத் 0.5, ஆன்டிமனி 1.5 என்ற விகிதம் பொருந்தினால், தூளாக்கிச் செய்வதற்கு 0.4க்கு 1.6 அல்லது 0.3க்கு 1.7 என்று நகர்த்திப் பாருங்கள். என்-வகை பக்கம் செலினியம் சேர்ப்பதற்கும் இதே கணக்குதான், எதிர்த்திசையில். செலினியம் வந்தால் பிஸ்மத் இடம் மாறுவது கடினமாகும், செலினியக் காலியிடம் சுலபமாகும், எலக்ட்ரான்கள் கூடும்.

அடுத்தது மெக்னீசியம் ஆன்டிமனைடு. மூன்று மெக்னீசியத்துக்கு இரண்டு ஆன்டிமனி என்ற இந்தச் சேர்மம் பி-வகையாக மட்டுமே வரும் என்று நீண்ட காலம் நம்பினார்கள். டெல்லூரியம் போட்டாலும் அசையவில்லை. காரணம் மெக்னீசியக் காலியிடம். ஒவ்வொரு காலியிடமும் இரண்டு எலக்ட்ரான்களை விழுங்கும். நாம் டோப் செய்து எலக்ட்ரான்களைக் கூட்டக் கூட, ஃபெர்மி மட்டம் (எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் ஆற்றல் மட்டம்) ஏறி, அந்தக் காலியிடம் உருவாவதற்கான ஆற்றல் இன்னும் இறங்குகிறது. அதாவது நாம் தள்ளத் தள்ளப் பொருள் எதிர்த்துத் தள்ளுகிறது. 2016இல் வழி கிடைத்தது: எடை போடும்போதே மெக்னீசியத்தை 3க்குப் பதில் 3.2 என்று கூடுதலாகப் போட்டு, ஆன்டிமனியில் ஒரு பகுதிக்குப் பிஸ்மத்தையும் துளியளவு டெல்லூரியத்தையும் வைத்தபோது 716 கெல்வினில் இசட்டி 1.5 வந்தது. டெல்லூரியம் பழையது. மெக்னீசியம் மிகுந்த சூழல்தான் புதிது.

ஆக, குறி தலைகீழானால் முதல் கேள்வி இது: உங்கள் பொருள் எந்தத் தனிமத்தின் மிகுதியில் உறைந்தது? ஆவியாகக்கூடிய தனிமம் எது, அது எங்கே போனது? ஆம்பூலின் (உருக்கப் பயன்படும் மூடிய குவார்ட்ஸ் குழாயின்) குளிர்ந்த முனையில் வெள்ளிநிறப் படிவு இருந்தால் பதில் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குறி சரி, ஆனால் போட்ட டோப்பன்ட்டுக்கு மின்னூர்தி வரவில்லை

இதை வாயால் பேசாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈய டெல்லுரைடின் அலகுக் கூட்டின் பக்கம் 6.46 ஆங்ஸ்ட்ராம், அதில் நான்கு ஈய அணுக்கள். எனவே ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ 1.5 × 10²² ஈய அணுக்கள். அவற்றில் நூற்றுக்கு ஒன்றைச் சோடியத்தால் மாற்றினால், ஒரு சோடியத்துக்கு ஒரு துளை என்ற கணக்கில் 1.5 × 10²⁰ துளைகள் வர வேண்டும். ஹால் அளவீடு 5 × 10¹⁹ என்று சொன்னால் மூன்றில் இரண்டு பங்கு சோடியம் வேலைக்கு வரவில்லை.

அது எங்கே போயிருக்கும்? மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஆம்பூல் சுவர். சோடியம், மெக்னீசியம் போன்றவை குவார்ட்ஸைத் தாக்கும். சுவர் பழுப்பாகவோ வெண்மையாகவோ மங்கியிருந்தால் உள்பக்கம் கார்பன் பூச்சு இட்ட ஆம்பூலுக்கு மாறுங்கள். மெக்னீசியத்துக்கு டான்டலம் குழாய் நல்லது. இரண்டு, கரைதிறன் எல்லை. ஈய டெல்லுரைடில் சோடியம் ஓர் அளவுக்கு மேல் கரையாது. மிஞ்சியது மணி எல்லையிலும் இடப்பெயர்ச்சிக் கோடுகளிலும் நுண்வீழ்படிவாகத் தங்கும். இதை எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் அளவீட்டில்) தேடிப் பயனில்லை. சாதாரண ஆய்வகக் கருவிக்கு ஓரிரு சதவீதத்துக்குக் கீழே உள்ள கலப்புக் கட்டம் தெரியாது. "எக்ஸ்ஆர்டியில் ஒற்றைக் கட்டம்" என்ற வாக்கியத்தை நம்பி டோப்பன்ட் முழுக்கக் கரைந்துவிட்டது என்று முடிவுகட்டுவது இந்தத் துறையின் தீராத வியாதி. டோப்பன்ட் அளவைப் படிப்படியாக ஏற்றி ஹால் அடர்த்தியை வரைந்து பாருங்கள். கோடு எந்த இடத்தில் படுத்துவிடுகிறதோ அதுவே எல்லை.

மூன்றாவது, ஈடுகட்டும் குறைபாடு. சோடியம் முழுக்கக் கரைந்தும் துளை குறைவாக இருந்தால், எங்கோ எலக்ட்ரான் தரும் காலியிடம் அதை அழித்துக்கொண்டிருக்கிறது. ஈய டெல்லுரைடில் ஈயம் மிகுந்தால் என்-வகைக்கும், டெல்லூரியம் மிகுந்தால் பி-வகைக்கும் சாயும். பி-வகை டோப்பிங் செய்பவர் டெல்லூரியம் மிகுந்த பக்கம் நிற்க வேண்டும், என்-வகை செய்பவர் ஈயம் மிகுந்த பக்கம். அயோடினைப் போட்டுவிட்டு டெல்லூரியத்தையும் கூடுதலாகப் போடுவது, ஒரு காலில் ஆக்ஸிலரேட்டரையும் மறு காலில் பிரேக்கையும் அழுத்துவது மாதிரி.

மின்னூர்தி அளவுக்கு மீறி இருக்கிறது, குறைக்க முடியவில்லை

தகர டெல்லுரைடு, ஜெர்மானியம் டெல்லுரைடு செய்பவர்களின் தலைவலி இது. டோப்பிங் எதுவும் செய்யாமலே துளைகள் 10²⁰ முதல் 10²¹ வரை இருக்கும். சீபெக் கெழு சில பத்து மைக்ரோவோல்ட்டில் நிற்கும். நேர்மின் அயனிக் காலியிடங்கள் அவ்வளவு சுலபமாக உருவாகின்றன.

இரண்டு வழிகளை ஒன்றாகப் பயன்படுத்துங்கள். காலியிடத்தை அதன் சொந்த அணுவாலேயே நிரப்புவது முதல் வழி. தகரத்தை 1க்குப் பதில் 1.03 என்று போடுவது வழக்கமாகிவிட்ட உத்தி. அடுத்து, எலக்ட்ரான் தரும் டோப்பன்ட்: ஜெர்மானியத்தின் இடத்தில் பிஸ்மத் அல்லது ஆன்டிமனி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் இதில் உண்டு. பிஸ்மத் கனமானது, ஜெர்மானியம் லேசானது, அந்த நிறை வேறுபாடு வெப்பத்தைச் சுமக்கும் ஃபோனான்களையும் (அணு அதிர்வுகளையும்) சிதறடிக்கும். ஆனால் முதல் வழியைத் தொடாமல் இரண்டாவதை மட்டும் நம்பினால் டோப்பன்ட் பெருகி நகர்திறன் (மின்னூர்தி எவ்வளவு சுலபமாக நகர்கிறது என்பது) அடிவாங்கும்.

அடர்த்தி சரி, நகர்திறன் மோசம்

கடத்துத்திறனை வெப்பநிலையோடு வரைந்து பாருங்கள். மிகுதியாக டோப் செய்த பொருளில் வெப்பம் ஏற ஏறக் கடத்துத்திறன் இறங்க வேண்டும், உலோகம் போல. உங்கள் கோடு அறை வெப்பநிலையிலிருந்து முதலில் ஏறி, 500 கெல்வின் பக்கம் உச்சம் தொட்டு, பிறகு இறங்கினால் மணி எல்லையைச் சந்தேகியுங்கள்.

என்-வகை மெக்னீசியம் ஆன்டிமனைடில் இந்த ஏற்றம் பலரையும் ஏமாற்றியது. மின்னூட்டம் பெற்ற மாசணுக்கள் எலக்ட்ரானைச் சிதறடிக்கின்றன என்றுதான் ஆரம்பத்தில் விளக்கினார்கள், ஏனென்றால் அந்தச் சிதறலிலும் நகர்திறன் வெப்பநிலையோடு கூடும். ஆனால் அதே சேர்மத்தின் ஒற்றைப் படிகத்திலும் பெரிய மணிகள் கொண்ட பெல்லட்டிலும் அந்த ஏற்றம் மறைந்துவிடுகிறது. மாசணு காரணமாக இருந்தால் மணியின் அளவு மாறுவதால் அது மறையக் கூடாது. எல்லையில் மின்தடை மிகுந்த மெல்லிய பகுதி இருக்கிறது. எலக்ட்ரான் அதைத் தாண்ட வெப்பத்தின் உந்துதல் வேண்டியிருக்கிறது.

எனவே சோதனையும் மருந்தும் ஒன்றே: மணியைப் பெரிதாக்குங்கள். சின்டரிங் (தூளைச் சூடாக்கி இறுக்கும்) வெப்பநிலையை ஏற்றுங்கள், அல்லது மெக்னீசிய ஆவி சூழ்ந்த மூடிய கலத்தில் பெல்லட்டை நீண்ட நேரம் பதப்படுத்துங்கள். ஆவி இல்லாமல் பதப்படுத்தினால் மணி வளரும், மெக்னீசியம் ஓடிவிடும், திரும்ப முதல் அறிகுறிக்கே போய்ச் சேர்வீர்கள். "நானோ மணி நல்லது" என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது சங்கடமாக இருக்கும். மணி எல்லை ஃபோனானைத் தடுத்து ஈட்டித் தருவதைவிட எலக்ட்ரானைத் தடுத்துப் பிடுங்குவது அதிகமென்றால் பெரிய மணிதான் லாபம்.

கோடு வழக்கம்போல் இறங்கியும் நகர்திறன் குறைவாக இருந்தால், டோப்பன்ட் எந்த இருக்கையில் அமர்கிறது என்று பாருங்கள். ஈய டெல்லுரைடின் கடத்துப் பட்டை பெரும்பாலும் ஈய அணுக்களின் ஆர்பிட்டால்களால் ஆனது. எலக்ட்ரான் அந்தப் பாதையில்தான் ஓடுகிறது. லான்தனத்தை ஈயத்தின் இடத்தில் வைப்பது ஓடுபாதையிலேயே பள்ளம் தோண்டுவது. அயோடினை டெல்லூரியத்தின் இடத்தில் வைத்தால் பாதை பெரும்பாலும் சேதமில்லாமல் இருக்கும். என்-வகை ஈய டெல்லுரைடில் அயோடின் முந்துவதற்கு இது ஒரு காரணம். லான்தனம் போட்டால் சீபெக் சற்றுக் கூடுவது உண்மை, ஆனால் அந்த லாபத்தை நகர்திறன் இழப்பு தின்றுவிடுகிறது.

அணிக்கோவையின் வெப்பக்கடத்தல் நம்ப முடியாத எண்ணாக வருகிறது

முதலில், மிகவும் தாழ்ந்து வந்தால். மொத்த வெப்பக்கடத்துத்திறனிலிருந்து எலக்ட்ரான் பங்கைக் கழித்துத்தான் அணிக்கோவைப் பங்கை (படிகத்தின் அணு அதிர்வுகள் கடத்தும் பங்கை) பெறுகிறோம். எலக்ட்ரான் பங்குக்கு லோரன்ஸ் எண் வேண்டும்; மின்கடத்துத்திறனையும் வெப்பநிலையையும் அதால் பெருக்கினால் அந்தப் பங்கு வரும். உலோகத்துக்கான 2.44 × 10⁻⁸ என்ற மதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் கோளாறு அங்கேதான். சீபெக் கெழுவின் அளவை மைக்ரோவோல்ட்டில் எடுத்து 116ஆல் வகுத்து, அதன் எதிர் அடுக்குக்குறி மதிப்பை 1.5உடன் கூட்டினால் நல்ல தோராயம் கிடைக்கும். சீபெக் 200 என்றால் 1.68 வரும், அதுவும் 10⁻⁸ கணக்கில். கடத்துத்திறன் மீட்டருக்கு 10⁵ சீமன்ஸ், வெப்பநிலை 300 கெல்வின் என்று வைத்தால், பழைய மதிப்பில் எலக்ட்ரான் பங்கு மீட்டர்-கெல்வினுக்கு 0.73 வாட், புதிய மதிப்பில் 0.50 வாட். மொத்தமே 1 வாட் அளவில் இருக்கும் பொருளில் இந்த வேறுபாடு கதையையே மாற்றிவிடும். "கண்ணாடியைவிடத் தாழ்ந்த வெப்பக்கடத்தல்" என்று வியக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

மிகவும் உயர்ந்து வந்தால் ஆக்சைடைத் தேடுங்கள். 2014இல் தகரச் செலனைடின் ஒற்றைப் படிகத்தில் 923 கெல்வினில் இசட்டி 2.6 என்று அறிவித்தார்கள். அதே பொருளைத் தூளாக்கி அழுத்தியவர்களுக்கு வெப்பக்கடத்தல் படிகத்தைவிடக் கூடுதலாகவே வந்தது. இது முறைக்கு மாறானது. மணி எல்லைகள் கூடினால் வெப்பம் குறைவாகத்தான் கடக்க வேண்டும். தூளின் மேல் படிந்த தகர ஆக்சைடுதான் காரணம். அது வெப்பத்தைப் பல மடங்கு நன்றாகக் கடத்தும், எல்லா மணிகளையும் போர்த்தி ஒரு வலை போல் பரவியிருக்கும். மூலப்பொருளைச் சுத்திகரித்து, தூளை ஹைட்ரஜன் கலந்த ஆர்கானில் ஒடுக்கிய பிறகு, சோடியம் டோப் செய்த பலபடிகத் தகரச் செலனைடில் 783 கெல்வினில் இசட்டி சுமார் 3.1 என்று 2021இல் வெளியிட்டார்கள். புதுத் தகரக் கட்டியையும் அப்படியே உருக்காதீர்கள், அதன் தோலிலேயே ஆக்சைடு இருக்கிறது.

ஒரு வெப்பநிலைக்கு மேல் சீபெக் கவிழ்கிறது

சிறுபான்மை மின்னூர்திகள் (பி-வகையில் எலக்ட்ரான், என்-வகையில் துளை) எழுந்துவிட்டன. உச்ச சீபெக்கையும் அந்த வெப்பநிலையையும் பெருக்கி, இரண்டால் பெருக்கினால் பட்டை இடைவெளி (எலக்ட்ரான் கட்டிலிருந்து விடுபடத் தாண்ட வேண்டிய ஆற்றல்) தோராயமாக எலக்ட்ரான்வோல்ட்டில் கிடைக்கும். 220 மைக்ரோவோல்ட், 350 கெல்வின் என்றால் 0.15. பிஸ்மத் டெல்லுரைடுக்கு இது சரியான எண். உங்கள் பொருளுக்குத் தெரிந்த இடைவெளியைவிட இது மிகத் தாழ்ந்து வந்தால் சிறுபான்மையை வேறொரு குறைபாடு ஊட்டுகிறதா என்று யோசியுங்கள். பொருந்தி வந்தால் கோளாறே இல்லை, டோப்பிங்தான் போதவில்லை. பெரும்பான்மையைக் கூட்டினால் உச்சம் சூடான பக்கம் நகரும். அறை வெப்பநிலையில் கொஞ்சம் இழப்பீர்கள். சாதனம் எந்த வெப்பநிலையில் ஓடப்போகிறது என்பதை வைத்துத்தான் இதை முடிவுசெய்ய முடியும்.

இரண்டாம் சூடேற்றத்தில் எண்கள் மாறுகின்றன

ஏறும்போது ஒரு கோடு, இறங்கும்போது வேறு கோடு. இறங்கு கோட்டை மறைத்து ஏறு கோட்டை மட்டும் போடுவது நேர்மையில்லை. குறைபாடுகள் நகர்ந்துகொண்டிருக்கின்றன என்று பொருள் உங்களிடம் சொல்கிறது.

எதிர்த்திசைகளில் போகும் இரண்டு காரணங்கள் உண்டு. ஆவியாகும் தனிமம் மேற்பரப்பிலிருந்து வெளியேறியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் மாற்றம் ஒரே திசையில் தொடரும். மெக்னீசியம், ஸ்கட்டருடைட்டில் (கோபால்ட்-ஆன்டிமனி வகைச் சேர்மத்தில்) ஆன்டிமனி ஆகியவை இந்த ரகம். மேற்பரப்பை அரை மில்லிமீட்டர் தேய்த்துவிட்டு மறுபடி அளந்தால் பழைய எண் திரும்பும், ஏனென்றால் இழப்பு வெளியிலிருந்து உள்ளே போகிறது. மாறாக, டோப்பன்ட் வீழ்படிவாகி மீண்டும் கரைந்துகொண்டிருந்தால் தேய்த்தாலும் திரும்பாது. உயர் வெப்பநிலையிலிருந்து சட்டென்று குளிர்வித்தால்தான் திரும்பும். 1977இல் ஏவிய வாயேஜர் விண்கலங்களின் வெப்ப மின்னாக்கிகளில் இருக்கும் சிலிக்கான்-ஜெர்மானியம் கலவை இந்த இரண்டாம் ரகம். அதன் என்-வகைக் காலில் உள்ள பாஸ்பரஸ், வேலை செய்யும் வெப்பநிலையில் மெல்ல வீழ்படிவாகி மின்தடையைக் கூட்டும்.

செம்புச் செலனைடு தனி இனம். அதில் செம்பு அயனிகள் திரவம் போல ஓடும். மின்னோட்டம் செலுத்தினால் எதிர்மின்முனையில் செம்பு மயிரிழையாக வெளியே தள்ளும். சோதனைக்கூடத்தில் சிறு மின்னோட்டத்தில் அழகாக இருக்கும் எண்ணைச் சாதனத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

ஒரே செய்முறை, தொகுதிக்குத் தொகுதி வேறு முடிவு

பெயரளவுக் கலவை ஒன்றே என்றாலும் அது கட்டப் படத்தின் (எந்தக் கலவையில் எந்தச் சேர்மங்கள் சேர்ந்து நிலைக்கும் என்று காட்டும் படத்தின்) எந்த மூலையில் போய் உட்கார்ந்தது என்பது வேறு. மூன்று தனிமச் சேர்மத்தைச் சுற்றி மூன்று நான்கு அண்டைக் கட்டங்கள் இருக்கும். எடையில் மில்லிகிராம் பிசகினால் ஒரு முறை இந்த அண்டையோடும் மறுமுறை அந்த அண்டையோடும் சமநிலைக்கு வரும். ஒவ்வொன்றிலும் குறைபாட்டின் எண்ணிக்கை வேறு, மின்னூர்தி வேறு. துல்லியமான கலவையைக் குறிவைப்பதை விடுங்கள். வேண்டுமென்றே ஒரு பக்கம் சிறிது மிகுதியாகப் போட்டு, மாசுக் கட்டம் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூலையிலும் ஒரு மாதிரி செய்து ஹால் அளந்துவிடுங்கள். எந்த மூலை நல்ல எண் தருகிறதோ அந்த மூலையிலேயே இனி எல்லாத் தொகுதியையும் செய்யலாம். ஒரு சதவீத அண்டைக் கட்டம் மிச்சம் கிடப்பதால் வரும் இழப்பு, தொகுதிக்குத் தொகுதி அலைவதைவிட மலிவு.

என்-வகை பிஸ்மத் டெல்லுரைடு-செலனைடில் இதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு: வாய்ப்பாட்டுக்கு 0.01 அளவில் செம்பு. அது அடுக்குகளுக்கு நடுவே செருகிக்கொண்டு எலக்ட்ரான் தருகிறது, தொகுதிகளுக்கிடையேயான சிதறலும் குறைகிறது. ஆனால் செம்பு அறை வெப்பநிலையிலேயே மெதுவாக நகரக்கூடியது. இந்த வழியை எடுத்தால் பெல்லட்டின் ஒரு துண்டைத் தனியே எடுத்துவைத்து, சில மாதம் கழித்து அதே கருவியில் மறுபடி அளந்து பாருங்கள்.